மைக்குக்கு ஒரு வாய், மகளுக்கு ஒரு வாய்

எங்கள் அண்ணியின் குரலைக் கேட்காதவர் இந்தப் பேருந்து நிலையத்தில் யாரும் இல்லை. முகத்தைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாடிப்படி ஏறியதும் இடதுகைப் பக்கம் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். நான் கீழே, பயணிகள் பெட்டி படுக்கையை வைத்துவிட்டுப் போகும் அறையில் வேலை பார்க்கிறேன். ஒலிபெருக்கி சரியாக என் தலைக்கு மேல். வீட்டில் கேட்பது போதாதென்று வேலைக்கு வந்த இடத்திலும் அண்ணியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

அறிவிப்பு சொல்வது சும்மா வாயில் வந்ததைப் பேசுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வாயை அகலத் திறந்தால் மூச்சுக்காற்று மைக்கில் அடித்து, நிலையம் முழுக்கப் புஸ் புஸ்ஸென்று கேட்கும். அதனால் பல்லைக்கூடச் சரியாகப் பிரிக்காமல், உதட்டை மைக்கோடு ஒட்டி, நாக்கை மட்டும் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார் அண்ணி. பக்கத்தில் நின்று பார்த்தால் பேசுகிறாரா, வாய்க்குள் எதையாவது ஒதுக்கி வைத்திருக்கிறாரா என்று தெரியாது. ஆனால் கீழே நிற்கிற கிழவருக்கும் ஒவ்வோர் எழுத்தும் கணீரென்று போய்ச் சேரும். மின்விசிறி போட்டால் அதன் சத்தமும் மைக்கில் ஏறும் என்பதால் அதையும் போட மாட்டார். வேர்வையில் முதுகு நனைந்துதான் வீட்டுக்கு வருவார்.

வீட்டுக்கு வந்தால் அதே அண்ணிக்கு வேறு வாய். அவர் மகளுக்குக் காது கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. சிட்டு என்று கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு எந்தப் பேர் வைத்தால் என்ன என்று அண்ணன் ஒருநாள் விரக்தியில் சொல்லிவிட்டான். அதற்காக அண்ணி அவனோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்று அவனைக் கேட்டால் இன்றைக்கும் காதைப் பிடித்துக்கொள்வான்.

சிட்டு எல்லாவற்றையும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். அதைச் சொல்லிக் கொடுத்தது அண்ணி. வாயை நன்றாகத் திறந்து, நாக்கு எங்கே போகிறது, பல் எங்கே தெரிகிறது என்பதெல்லாம் பிள்ளையின் கண்ணுக்குப் படும்படி, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நாள் முழுக்க மூடிய வாயால் ஊருக்குப் பேசிவிட்டு வந்து, திறந்த வாயால் மகளுக்குப் பேசுவார். எனக்கெல்லாம் அந்தப் பொறுமை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

எங்கள் வீட்டில் யாரும் அடுத்த அறையிலிருந்து கத்த மாட்டோம். எழுந்து போய், தோளைத் தொட்டு, நம் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேச வேண்டும். மின்சாரம் போய்விட்டால் பேசுகிறவர் டார்ச் விளக்கைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் பேய் வீடு என்று ஓடிப்போவார்கள். அண்ணன் மீசை வைத்திருந்தவன். மேல் உதட்டை மறைக்கிறது என்று சிட்டு சொன்ன அன்றே எடுத்துவிட்டான். தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். மீசை இல்லாத டிரைவர் என்று சக ஆட்கள் கிண்டல் செய்தபோதும் அவன் திரும்ப வளர்க்கவில்லை.

இப்படி இருந்த வீட்டில்தான் அண்ணிக்கு அந்தப் பல் வந்து சேர்ந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. இருபது வயதிலேயே வலது பக்கம் கீழே, கடைசிக் கடைவாயில் எட்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றுபோன ஞானப்பல் அது. மீதிப் பாதியை ஈறு போர்த்திக்கொண்டு கிடந்தது. இவ்வளவு வருடம் சும்மா கிடந்தது, திடீரென்று ஒருநாள் வீங்கிக்கொண்டது. காது வரைக்கும் வலி. எச்சில் விழுங்கினால் கசப்பு.

"இப்பதான் ஞானம் வருதாக்கும்" என்றான் அண்ணன்.

"வந்துட்டா முதல்ல உங்களைத்தான் விட்டுட்டுப் போவேன்" என்றார் அண்ணி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே.

பல் டாக்டரிடம் தனியாகத்தான் போனார். அண்ணன் வண்டியில் இருந்தான், எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. திரும்பி வந்து, "கழுவி விட்டு மாத்திரை குடுத்தாங்க, உப்புத்தண்ணியில கொப்பளிச்சா போதுமாம், பல்லை எடுக்க வேணாமாம்" என்றார். நாங்களும் நம்பினோம். வீக்கமும் வடிந்தது.

அன்று அங்கே என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூடி வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நிதானமாக எல்லாம் சொல்லியிருக்கிறார். "ஞானப்பல்லுன்னாலே பிடுங்கணும்னு கிடையாதும்மா. நேரா முளைச்சு, பிரஷ் எட்டுற மாதிரி சுத்தமா இருந்தா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். உங்க இடது பக்கத்துப் பல்லு அப்படித்தான் இருக்கு, அதைத் தொட வேணாம். வலது பக்கம் இருக்கிறது படுத்துக்கிட்டு, முன்னாடி இருக்கிற நல்ல பல்லை முட்டுது. அந்த நல்ல பல்லுலயும் சொத்தை ஆரம்பிச்சிடுச்சு. ஈறுக்கு அடியில சாப்பாடு போய்த் தங்குது. இப்ப மாத்திரையில அடங்கும், ஆனா திரும்பவும் வரும். வீக்கம் வடிஞ்சதும் எடுத்துடுறதுதான் நல்லது."

அதோடு நிறுத்தியிருந்தால் அண்ணி சரி என்றிருப்பார். ஆனால் டாக்டர் நேர்மையானவர். "வேர் நரம்புக்குப் பக்கத்துல இருக்கு. எடுத்த பிறகு சில பேருக்குக் கீழ் உதடு மரத்துப் போகும். அனேகமா கொஞ்ச நாள்ல சரியாயிடும். ரொம்பச் சில பேருக்கு அப்படியே நின்னுடும்" என்றிருக்கிறார்.

உதடு என்ற சொல் காதில் விழுந்த பிறகு அண்ணிக்கு வேறெதுவும் ஏறவில்லை. எங்கள் நிலையத்தில் வண்டி நேரம் குறிக்கிற டைம் கீப்பர் ஒருவர் இருந்தார். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நல்ல மனிதர். சிட்டுவைப் பார்த்தால் ஆசையாக ஏதாவது கேட்பார். அவள் அவர் முகத்தையே பார்த்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல், கடைசியில் அழுகிற மாதிரி என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வாள். உதடு மரத்துப்போவது என்றால் அதுதான் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார். தன் வாயும் அப்படிக் கோணிப்போனால் பிள்ளை எந்த முகத்தைப் பார்த்துப் பேச்சைத் தெரிந்துகொள்வாள் என்ற பயம். பல் வலி தன்னோடு போகட்டும் என்று எழுந்து வந்துவிட்டார்.

டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். வீட்டில் எங்களிடமாவது வாயைத் திறந்திருக்கலாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு அந்தப் பல் சும்மா இருக்கவில்லை. வீங்கும், எங்களுக்குத் தெரியாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு மாத்திரை போடுவார், அடங்கும், மறுபடி வீங்கும். அண்ணி இடது பக்கமாகவே மென்று சாப்பிடப் பழகிவிட்டார். கடைசியில் மென்று சாப்பிடுவதையே விட்டுவிட்டுக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தார். வயிறு சரியில்லை என்றார். ஒவ்வொரு தடவை வீக்கம் வந்து போனபோதும் தாடை இறுகிக்கொண்டே போயிற்று. வாய் திறக்கிற அளவு குறைந்துகொண்டே வந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அறிவிப்புக்குத்தான் வாயே திறக்க வேண்டியதில்லையே. வேறு வேலை செய்கிறவராக இருந்திருந்தால், ஒரு டீச்சராக இருந்திருந்தால்கூட, முதல் வாரத்திலேயே குட்டு உடைந்திருக்கும். இவருக்கோ தாடை பூட்டிக்கொண்டும் குரல் அப்படியே கணீரென்று வந்தது. நானும் அந்த ஒலிபெருக்கிக்குக் கீழேயே உட்கார்ந்து, அண்ணி நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கே அப்படி ஒரு நினைப்பு. குரல் சரியாக இருக்கிறவரைக்கும் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பினார்.

பள்ளி விடுமுறை விட்டபோது சிட்டு என்னோடு பெட்டி அறைக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் மத்தியானம், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவள், என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் பேச்சு எங்களுக்கு நன்றாகப் புரியும்.

"அத்தை, அம்மாவுக்கு என் மேல என்ன கோபம்?"

"கோபமா? யார் சொன்னா?" என்றேன், அவள் பக்கம் முகத்தைத் திருப்பி.

"முன்ன மாதிரி பேச மாட்டேங்குது. வாயை மூடிக்கிட்டே பேசுது. எனக்கு ஒண்ணும் தெரியல. திரும்பச் சொல்லுன்னா தலையைத் தடவி விட்டுட்டுப் போயிடுது." கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்தாள். "நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுச் சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்றது. மற்ற வீடுகளில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் மனத்தாங்கல். எங்கள் வீட்டில் அது பிள்ளையை இருட்டில் உட்கார வைத்த மாதிரி. அண்ணி எதைக் காப்பாற்ற வேண்டும் என்று பல்லை எடுக்காமல் வைத்திருந்தாரோ, அந்தப் பல் அதையேதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அப்போது எனக்கு அவ்வளவு விளங்கவில்லை. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில், வண்டி கிளம்பத் தயாராக இருக்கிறது, பயணிகள் ஏறிக்கொள்ளவும் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிசிறு இல்லை.

அறையைப் பூட்டிவிட்டு, சிட்டுவையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

கண்ணாடி வழியாகவே எல்லாம் தெரிந்தது. அண்ணி தலையைச் சுற்றித் தாடையோடு சேர்த்துத் துண்டைக் கட்டியிருந்தார். வலது பக்கம் கழுத்து வரை வீங்கித் தோல் பளபளவென்று இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு, துண்டை நகர்த்தி, மைக்கில் குனிந்து அடுத்த வண்டியைச் சொன்னார். குரல் வெண்கலம் மாதிரி வந்தது. மறுபடி டம்ளரை எடுத்தார்.

உள்ளே போய் முதலில் மைக்கை அணைத்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. "வாயைத் திறங்க அண்ணி" என்றேன். தலையை ஆட்டினார். "திறங்கன்னு சொல்றேன்."

திறக்க முடிந்தால்தானே திறப்பார். சிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடிமேல் சாய்ந்து, தன் சுண்டுவிரலை அவர் பற்களுக்கு நடுவில் வைத்தாள். நகம் மட்டும்தான் உள்ளே போனது. அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா மூடி வைக்கல அத்தை, மூடிக்கிச்சு" என்றாள். அண்ணியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

ஆட்டோ பிடித்து அந்த டாக்டரிடமே கொண்டுபோனேன். கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "எச்சில் முழுங்க முடியுதா? மூச்சு முட்டுதா?" என்று கேட்டார். அவரே போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டு எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டார். வழியில் என்னிடம், "வலிக்குது வலிக்கலைங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா. வாய் திறக்க முடியாமப் போறது, தாடைக்குக் கீழ வீங்குறது, முழுங்க முடியாதது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே வந்துடணும். சீழ் கழுத்துல இறங்கி மூச்சுக்குழாயை அடைச்சிடும்" என்றார். நான் அண்ணியின் மூச்சையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி, சொட்டு மருந்து எல்லாம் ஏற்றி, சீழை வெளியே எடுத்தார்கள். அண்ணன் காக்கிச் சட்டையோடு ஓடி வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆபத்து தாண்டிவிட்டது என்று சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் இறங்கி, வீக்கமும் பாதி வடிந்த பிறகு அந்தப் பல் டாக்டரே வந்து, இனிமேல் அந்தப் பல்லை வைத்திருக்க முடியாது, எடுத்துவிடலாம் என்றார். அப்போதும் அண்ணி தலையை ஆட்டினார். எனக்கு வந்ததே கோபம். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், "செத்துப் பொழைச்சு வந்திருக்கீங்க, இன்னும் என்ன பிடிவாதம்" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் பல்லிடுக்கு வழியாகச் சொன்னார். "உதடு போயிட்டா... எம்பொண்ணு இதைப் பாத்துத்தான் பேச்சு தெரிஞ்சுக்கிறா டாக்டர். வாய் கோணிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதை அன்னிக்கே என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? உணர்ச்சி வேற, அசைவு வேறம்மா. பல்லுக்குப் பக்கத்துல ஓடுறது தொட்டாத் தெரியுற நரம்பு. அது அடிபட்டா உதட்டுல யார் தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உதட்டை அசைக்கிறது வேற நரம்பு, அந்தப் பக்கம் நான் போகவே மாட்டேன். வாய் கோணாது."

சிட்டு கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். அங்கே எல்லாரும் மாஸ்க் போட்டிருந்ததால் இத்தனை நாளாக அவளுக்கு ஒருவர் பேசியதும் தெரியவில்லை. டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, அவள் பக்கம் நன்றாகத் திரும்பி, "அம்மா வாய் நல்லாத் திறக்கும். பேசுறது உனக்குத் தெரியும்" என்றார். சிட்டு அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள். அண்ணி சரி என்று தலையசைத்தார்.

பல்லை எடுத்தார்கள். எடுத்த பிறகு, டாக்டர் சொன்ன அந்தச் சிலரில் ஒருவராக அண்ணி ஆகிவிட்டார். கீழ் உதட்டில் வலது பாதியும் மோவாயும் மரத்துப்போய்விட்டன. மாதங்கள் ஆகியும் சரியாகவில்லை, இனி ஆகும் என்றும் தோன்றவில்லை. சாப்பிடும்போது உதட்டோரம் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரியாது. சிட்டுதான் துடைத்து விடுவாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அண்ணி ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

தாடையைத் திறக்க வைக்க டாக்டர் பயிற்சி கொடுத்திருந்தார். கண்ணாடி முன்னால் நின்று செய்ய வேண்டியதைச் சிட்டுவின் முன்னால் உட்கார்ந்து செய்தார் அண்ணி. ஒரு விரல், பிறகு இரண்டு விரல் என்று பிள்ளைதான் அளந்து பார்த்தாள். உதடு சேர்ந்ததா இல்லையா என்று அண்ணிக்குத் தெரியாத இடத்தில், "இன்னும் மூடு, இப்ப சரி" என்று அவள் திருத்துவாள். வாய் நன்றாகத் திறந்து அண்ணி அவளிடம் முதன்முதலாக, "உன் மேல எனக்கு என்னிக்குடா கோபம் வந்துச்சு" என்று கேட்டபோது, அண்ணன் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டான்.

வேலைக்குத் திரும்பிய அண்ணிக்குப் பழைய மைக் வாய் வரவில்லை. உதட்டில் உணர்ச்சி இல்லாமல் அதை மைக்கோடு ஒட்டிப் பேச முடியவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரி, திறந்த வாயோடுதான் பேச முடிந்தது. ஒலிபெருக்கியில் அங்கங்கே காற்று அடித்தது. மேலாளர் ஒரு தடவை முகம் சுளித்தார். பஞ்சு வைத்து மைக்கை நன்றாக மூடி, கொஞ்சம் தள்ளி வைத்துக் கொடுத்ததும் அடங்கிவிட்டது. ஆனாலும் கவனித்துக் கேட்டால் அந்தக் காற்றுச் சத்தம் எனக்குத் தெரியும்.

அடுத்த விடுமுறையில் சிட்டு மாடிக்குப் போய் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அவள் இதற்கு முன்னாலும் நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் அம்மா ஒரு கம்பிக்கு முன்னால் குனிந்து சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அண்ணி மைக்கைப் போட்டு, வாயைத் திறந்து அறிவிப்பைச் சொன்னார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, இமைக்காமல் பார்த்தாள் பிள்ளை. முடிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டீ கொடுக்கப் போயிருந்த நானும் பின்னாலேயே போனேன்.

"பஸ் கிளம்பப்போகுது, எல்லாரும் ஏறிக்கோங்க. இதைத்தான் தினம் சொல்றியா?"

"ஆமா."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்தான்."

அம்மாவின் மரத்த உதட்டோரம் வழிந்திருந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்து விட்டாள். அண்ணிக்கு அது தெரியவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தான்மா எனக்கும் சொன்னே" என்றாள் சிட்டு.